மடிக்கு ஓர் அட்டை

லிக் ஃபோர்க், கென்டக்கி
ஏப்ரல் 17, வியாழன்

மதிப்பிற்குரிய மேற்பார்வையாளர் ஆண்ட்ரியா விட் அவர்களுக்கு,

மேலே போட்ட ‘அவர்கள்’ உன் மேசைக்கு, உனக்கில்லை. நீ என் நாத்தனார் ஓப்பலின் பேத்தி, அதனால் நீ என்றே எழுதுகிறேன். நான் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என்னைக் கண்டதும் பின்வரிசைக்கு நழுவினாயே, அந்த வேகத்திலேயே உன் சுகம் தெரிந்தது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள். மற்றதைப் பொறுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

என் பேரன் கோல்பிக்கு ஐந்து வயது. ஒரு வார்த்தை பேசியதில்லை, யாரிடமும் எதையும் கேட்டதில்லை, வேண்டியது கிடைக்காவிட்டால் தலையைச் சுவரில் மோதுவான். அவன் அம்மா, என் மகள் டாமி, லெக்சிங்டனில் ஆஸ்பத்திரித் துணி வெளுத்துவிட்டு சனிக்கிழமைதான் வருவாள். இரண்டு வருஷம் காத்திருந்து, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து பழக்கிக்கொடுக்கிற உன் கம்பெனியில் இடம் கிடைத்தது. மார்ச் மாதம் நீ அனுப்பிய கெய்லின் என்கிற பெண் வந்தாள். இருபத்திரண்டு வயசு இருக்கும், கையில் அமுக்க அமுக்க எண்ணுகிற பொத்தான் ஒன்று, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. கோல்பிக்கு எது ரொம்பப் பிடிக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். மிட்டாய், ரயில், சோப்புக் குமிழி என்று எட்டுச் சாமானைத் தரையில் வரிசையாக வைத்தாள். பிள்ளை எட்டையும் தாண்டி வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தான். வரிசையை மாற்றி வைத்தாள். மறுபடியும் என் மடி. நான் ஒரு முட்டாள், அன்று பூரித்துப்போய் அவளுக்கு பீன்ஸும் சோள ரொட்டியும் கொடுத்தேன். அவள் தின்னவில்லை, எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் நீயே வந்தாய், டைப் அடித்த காகிதத்தோடு. நீ சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

“சின்னப் பாட்டி, அவனுக்கு ரொம்பப் பிடிச்சது உங்க மடிதான். அதனால அதைச் சும்மாக் கொடுக்கக் கூடாது. உங்க போட்டோ ஒட்டின அட்டையைக் கொண்டுவந்து கையில கொடுத்தா மட்டும் மடி. அப்பத்தான் கேக்கப் பழகுவான்.”

“அட்டை இல்லாம வந்தா?”

“எழுந்து நின்னுடுங்க. நின்னா மடி இருக்காது பாருங்க.”

“கத்தினா?”

“கண்டுக்காதீங்க. சுவரைப் பாருங்க.”

காகிதத்தில் என் பெயருக்குப் பதில் ‘பராமரிப்பாளர்’ என்று இருந்தது. உன் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தவள் நான், ஆண்ட்ரியா.

சுவரைப் பார்த்தேன். பன்னிரண்டு மாதமும் ஒரே தாளில் போட்ட தீவனக் கடைக் காலண்டரை மனப்பாடம் செய்கிற அளவுக்குப் பார்த்தேன். பிள்ளை அந்த அட்டையை ஒருதரமும் எடுத்து வரவில்லை. போன செவ்வாய், பிள்ளை காலுறை போட விடாமல் கத்துகிறான், நான் ஜூன் மாதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அந்த நேரம் பார்த்துப் பாதிரியார் டென்வர் உள்ளே வந்து “சிஸ்டர் வெர்டி! சிஸ்டர் வெர்டி!” என்று கூப்பிட, கெய்லின் உதட்டில் விரல் வைத்து என்னைத் திரும்பாதே என்கிறாள், எனக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்று அந்த மனுஷன் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார், வந்த இரண்டு பையன்களும் என் கண்ணில் டார்ச் அடித்துவிட்டு மீதி ரொட்டியைத் தின்றுவிட்டுப் போனார்கள். போகட்டும். கெய்லின் எழுதின தாளை அன்றைக்குத்தான் பார்த்தேன். கோல்பிக்கு ஒரு வரிசை, எனக்கும் ஒரு வரிசை. ‘பராமரிப்பாளர் தவறு: 11’. அட்டை இல்லாமல் நான் மடி கொடுத்த தடவைகளாம். என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு என்னையும் பொத்தான் அமுக்கி எண்ணியிருக்கிறாள்!

இதையும் விழுங்கியிருப்பேன். நேற்று வாசல் படியில் கோல்பி விழுந்தான். முழங்கால் கிழிந்து ரத்தம். ஓடி வந்து என் மேல் ஏறப் பார்த்தான். “எழுந்திரிங்க! அட்டை, அட்டை!” என்றாள் கெய்லின். நான் எழுந்து நின்றேன். ஆமாம், நின்றேன். அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. பிள்ளை என் காலைப் பிடித்து ஏறிப் பார்த்தான், வழுக்கினான், மறுபடி ஏறினான். பிறகு கத்தவில்லை. படியில் போய் உட்கார்ந்து, தன் முதுகைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டான், நான் தட்டுகிற மாதிரியே.

அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அந்த அட்டையை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து அடுப்பில் போட்டேன். “வெளிய போடி” என்றேன். காரில் உட்கார்ந்து அழுதாள். அழட்டும்.

வீடு வீடாக நீ அனுப்புகிற பெண்களுக்கு நான் சொன்னதாகச் சொல்லு. அடுத்தவர் வீட்டுக்குள் போனால் கொடுத்ததைத் தின்னுங்கள். வீட்டுக்காரிக்குப் பெயர் இருக்கும், அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவளை எண்ணுவதாக இருந்தால் அவளுக்குத் தெரிந்து எண்ணுங்கள், பதினொரு தப்புக்குப் பக்கத்தில் ஐந்து வருஷத்துச் சரியையும் எழுதுங்கள். பிள்ளைக்கு ரத்தம் வந்தால் முதலில் துணி, பிறகு மடி. அட்டையைப் பிறகு பார்க்கலாம். இதற்கு டைப் அடித்த காகிதம் வேண்டாம்.

இனி யாரையும் அனுப்பாதே. எங்கள் இடத்தைக் காத்திருக்கிற அடுத்த பிள்ளைக்குக் கொடு. டாமியிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீ நீட்டின காகிதம் எதிலும் என் கையெழுத்து விழாது.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. உன் பிள்ளை விழும்போது பக்கத்தில் எழுந்து நிற்காத ஒருத்தி இருப்பாளாக.

இப்படிக்கு,
வெர்டி நேப்பியர்
(பராமரிப்பாளர் அல்ல)

பி.கு.: வாசல் தபால் பெட்டியில் போட்டு, தபால்காரர் எடுத்துப் போகச் சிவப்புக் கொடியையும் தூக்கிவிட்ட கடிதத்தைத் திரும்ப எடுத்து, உறையின் முதுகில் எழுதுகிறேன். நான் உள்ளே வந்து உட்கார்ந்தபோது கோல்பி மேசை இழுப்பறையைக் கவிழ்த்து அந்த அட்டையைத் தேடிக்கொண்டிருந்தான். இல்லை. என் கைப்பையைக் கொட்டினான். அதிலிருந்து என் கார் லைசென்ஸை எடுத்து, என் போட்டோவை ஒருதரம் பார்த்து, என்னை ஒருதரம் பார்த்து, நேராக வந்து என் உள்ளங்கையில் வைத்தான். வைத்துவிட்டு ஏறாமல் நின்றான். காத்துக்கொண்டு நின்றான், ஆண்ட்ரியா. பிறந்ததிலிருந்து இந்தப் பிள்ளை என்னிடம் கேட்ட முதல் விஷயம்.

அதற்குப் பிறகு ஒன்பது தடவை. பீன்ஸ் கருகிவிட்டது, லைசென்ஸின் ஒரு மூலையைக் கடித்துவிட்டான், போலீஸ்காரன் நிறுத்தினால் உன் பெயரைத்தான் சொல்வேன். எங்கள் இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே. திங்கட்கிழமை அந்தப் பெண்ணை அனுப்பு, புது அட்டையோடு, வெறும் வயிற்றோடு. நேற்று நடந்ததை நான் மன்னிக்கவில்லை. இது வேறு, அது வேறு.

அவள் வரும்போது என் இரும்பு வாணலியையும் கொடுத்தனுப்பு. உன் அடுப்புக்கு மேலே தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். வாய் பேசாத பிள்ளை கேட்டுவிட்டு நிற்கிறது. வாய் ஓயாத உன் பாட்டி 1974-ல் அதை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.