தோற்ற லைன்

திங்கட்கிழமை காலை பனியன் கம்பெனியின் இரண்டாம் தையல் லைனில் எட்டுக் கத்திரிக்கோல்களைக் காணவில்லை. தேடினால், அத்தனையும் ஒன்றாம் லைனின் துணி மூட்டைக்குள் கிடந்தன.

"திருட்டு லைனுங்க சார் அது," என்றாள் இரண்டாம் லைன் டைலர் கண்ணம்மாள்.

"அவங்களே போட்டுட்டு எங்களைச் சொல்றாங்க சார்," என்றான் ஒன்றாம் லைன் டேனியல்.

மேனேஜர் அருள்செல்வனுக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்திதான். உடுமலையில் விலங்கியல் படித்துவிட்டு பனியன் கம்பெனிக்கு வந்தவன் அவன். ஆர்டர் குறைந்துவிட்டது, இரண்டு லைனில் ஒன்றை மூடு, எதை என்று நீயே முடிவு பண்ணு என்று போன வாரம் முதலாளி சொல்லிவிட்டார். ஒரு லைனுக்கு இருபத்துநாலு பேர். யார் முகத்தைப் பார்த்து நாளை முதல் வராதே என்பது? கடைசியில் படித்த படிப்பு கைகொடுத்தது. சனிக்கிழமை ஷிப்மெண்ட்டுக்குள் அதிகப் பீஸ் தைக்கிற லைன் இருக்கும், மற்றது போகும் என்று அறிவித்துவிட்டான்.

"போட்டி போட்டுத்தான் உயிரினமே வளர்ந்திருக்கு," என்றான், தைத்த பீஸ்களைச் சரிபார்க்கும் செக்கிங் கலைமகளிடம். "அடிச்சுப் புடிச்சவன் பிழைச்சான். அந்தப் புத்திதான் நமக்கும்."

"அடிச்சுக்காம பிழைச்சவங்களே இல்லீங்களா சார்?"

"இருந்தா அவங்க வாரிசு இங்க இருக்கணுமே. இங்க பாரு, கத்திரிக்கோலை ஒளிச்சு வெக்கறாங்க."

செவ்வாய்க்கிழமை, யார் எத்தனை தைத்தார்கள் என்று எழுதிய போர்டை யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள். அருள்செல்வன் பண்டலுக்குப் பண்டல் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னான்: ஒன்றாம் லைனுக்குச் சிவப்பு, இரண்டாம் லைனுக்கு நீலம். மறுநாள் மதியத்துக்குள் பாதிப் பண்டல்களில் இரண்டு நிறமும் ஒட்டியிருந்தன. மீதியில் ஒன்றுமே இல்லை.

சரி, ஒரு லைனை இன்னொரு லைன் ஆள் எண்ணட்டும் என்று இருவரை நிறுத்தினான். அவர்கள் ஒருவர் நோட்டை ஒருவர் பிடுங்கிக் கிழித்தார்கள். வியாழக்கிழமை ஐந்தைந்து பேரை இடம் மாற்றி உட்காரவைத்தான். பழகினால் கோபம் தணியும் என்று நினைப்பு.

"நாங்க இப்ப எந்த லைனுங்க சார்?" என்று பத்துப் பேரும் கேட்டார்கள். அதை வைத்தே அடுத்த சண்டை கிளம்பியது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு டேனியல் சூடான அயர்ன் பாக்ஸைத் தூக்கிவிட்டான். எதிரே கண்ணம்மாள், கையில் கத்திரிக்கோல். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அருள்செல்வன் ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நின்றான். முகத்துக்கு நேரே ஆவி அடித்தது. யாருக்காவது ஏதாவது ஆனால் இதைச் செய்தது டேனியலும் இல்லை, கண்ணம்மாளும் இல்லை, நான்தான் என்று அந்த நிமிஷம் அவனுக்கு உறைத்தது.

"கீழ வெச்சிருங்க டேனியல். கணக்கே வேண்டாம். எண்ணவும் வேண்டாம். ஷிப்மெண்ட் போனாப் போதும்."

டேனியல் பெட்டியை வைத்தான். மெஷின்கள் மறுபடி ஓடின.

சனிக்கிழமை லாரி குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிட்டது. ஒரு பீஸ்கூடக் கழிவு இல்லை என்று கலைமகள் கையெழுத்துப் போட்டாள். இத்தனை ரகளைக்கு நடுவில் எப்போது தைத்தார்கள் என்று அருள்செல்வனுக்கு விளங்கவில்லை. முதலாளிக்குப் போன் போட்டான்.

"எந்த லைன் தோத்துச்சு?"

"தெரியலீங்க. எல்லாம் கலந்து போச்சுங்க."

முதலாளி எதோ காகிதத்தைப் புரட்டுவது போனில் கேட்டது.

"ஒரு மணி நேரம் முன்னாடியே அனுப்பிருக்கீங்க. பையர் அடுத்த ஆர்டரையும் நமக்கே தர்றேங்கறான். ரெண்டு லைனும் ஓடட்டும், விடு."

அருள்செல்வன் அப்படியே ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்தான். பக்கத்தில் பிசிறு வெட்டும் ராமாத்தாள் சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரமா பார்த்தீங்கல்ல அக்கா," என்றான் அவளிடம். "அடிச்சுக்கறது மனுஷன் ரத்தத்துலயே ஊறிப்போச்சு."

"அட போங்க தம்பி," என்றாள் ராமாத்தாள். "தோத்த லைனுன்னு ஒண்ணு இருக்கவே கூடாதுன்னு நாப்பத்தெட்டுப் பேரும் ஒண்ணா உக்காந்து பேசி, யாரு என்னைக்கு யார்கூடச் சண்டை புடிக்கறதுன்னு முறை போட்டு வெச்சிருந்தாங்க, ஒருத்தருகூட முறை தவறலீங்க."