மேலுள்ள வீடு நீங்கலாக

என் அத்தான் ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தை நான் ஒரு பொய்யால் மண்ணில் போட்டேன். (உண்மையாகவே மண்ணில்தான்.)

ஐம்பதுகளின் கடைசி. சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறி, ஃபேரர் பார்க் பக்கம் அறை எடுத்துத் தங்கி, கிளார்க்காக இருந்தேன். ஒரு வரி எழுதக்கூட வேலையில்லாத நாளிலும் சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும். அத்தான் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். கேலாங்கில் ஒரு பலகை வீட்டைப் பார்த்துவிட்டு, விற்பவரின் வக்கீல் ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பந்தத்தை என்னிடம் நீட்டினார்.

அதில் ஒரு வாக்கியம் பக்கத்தின் தலையில் தொடங்கி அடியில் போய் முடிந்தது. பாதியிலேயே எனக்கு வழி தவறிவிட்டது.

"மச்சான், இந்தப் பெரிய பத்தி என்ன சொல்லுது?"

"வக்கீலுங்க வழக்கமா போடறதுதான், அத்தான்."

"அந்த வீட்டுல ஒரு மலாய்க்கார அம்மா இருக்காங்களே, காலி பண்ணிடுவாங்களா?"

"எல்லாம் எழுதியிருக்கு."

(எழுதித்தான் இருந்தது.)

"என் தம்பி படிச்சா தப்பு வருமா? கையெழுத்தப் போடுங்க லா," என்றாள் அக்கா. அத்தான் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு போட்டார்.

குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கட்டில், பீரோ, பிள்ளைகள் எல்லாரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு கேலாங் போனோம். அக்கா கையில் குத்துவிளக்கு. என் கையில் பால் பானை. கதவு திறந்திருந்தது. உள்ளே மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த அம்மா கரண்டியோடு வந்தார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவரை மக்சிக், அதாவது அத்தை, என்றுதான் கூப்பிட்டார்கள். நிலம் எங்களுடையது, வீடு தன்னுடையது என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். நிலம் ஒருவருக்கும் அதன்மேல் நிற்கும் வீடு இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பது அப்போது அந்தப் பக்கத்தில் சாதாரணம். வீட்டுக்காரர் நிலத்துக்கு மாத வாடகை தருவார், அவ்வளவுதான். பட்டறை குவார்ட்டர்ஸிலேயே காலம் கழித்த அத்தானுக்கு அது எப்படித் தெரியும்?

லாரிமேல் உட்கார்ந்து ஒப்பந்தத்தை மறுபடி படித்தேன். மேலுள்ள வீடு நீங்கலாக என்று தெளிவாக இருந்தது. பயம் வந்தால் ஆங்கிலம் நன்றாகவே புரிகிறது.

"ஏண்டா, எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச?" என்றாள் அக்கா. விளக்கைப் பிடித்தபடியே அழுதாள். ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மக்சிக் பானையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். உள்ளே போய்க் குழம்பை இறக்கி, அடுப்பைக் கழுவித் துடைத்து, புதிதாகத் தீ மூட்டினார். "முதல்ல காய்ச்சு, சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்," என்று மலாயில் சொன்னார். தன் வீட்டில் குடியேற விளக்கோடு வந்து நின்றவர்களுக்குத் தன் அடுப்பையே கொடுத்த அந்த மனுஷியின் பின்னால் நான் பால் பானையோடு உள்ளே போனேன். பால் பொங்கியபோது அவரும் கைதட்டினார். அன்றே முன்கூடத்தை எங்களுக்கு ஒழித்துக்கொடுத்து, பின்னால் கிடந்த காலியிடத்தைக் காட்டி, "அங்க கட்டிக்கோங்க," என்றார்.

கட்டினோம். என் கல்யாணத்துக்குச் சேர்த்ததைப் பலகைக்கும் தகரத்துக்கும் கொடுத்தேன். ஞாயிறுதோறும் நானே ஆணி அடித்தேன். (பாதி ஆணி என் விரலில்.) கூரை வேலை முடிகிற நாளில், மேலே அத்தானும் நானும் மட்டும் இருந்தபோது சொல்லிவிட்டேன்.

"அத்தான், அந்தப் பத்தி எனக்கு அன்னைக்குப் புரியவே இல்ல."

அவர் தகரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் மச்சான். உன் முழியே சொல்லுச்சு."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"உங்க அக்கா முன்னாடி உன்னைத் தலைகுனிய வைக்கவா? அப்புறம் அவ கையால எனக்குச் சோறு கிடைக்குமா?"

ஒரு வாழ்நாள் சம்பாத்தியத்தை என் மானத்துக்காகப் பணயம் வைத்த மனிதர் அடுத்த ஆணியைக் கேட்டுக் கையை நீட்டினார்.

கீழே அக்கா நின்றிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"ஓகோ! ரெண்டு பேருமா சேர்ந்துதானா?" என்று குரல் வந்தது. எட்டிப் பார்ப்பதற்குள் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சுடும் தகரத்தின்மேல் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றோம். வெயில் தாழ்ந்தபிறகு மக்சிக்தான் அக்காவைச் சமாதானம் செய்து ஏணியைத் திரும்பச் சாத்தினார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது தெரியாததைத் தெரிந்ததுபோல் விளக்கத் தொடங்கினால், உடனே ஒரு குரல் கேட்கும்: "ஏணிய எடுத்துடவா?"

பெரும்பாலும் விளக்கிக்கொண்டிருப்பவன் நான்தான்.