ஒயரை ஆட்டினால் நெட் வரும்

மூலக்குளத்துக் கம்ப்யூட்டர் கடை ஒன்றில் ஆறு மாதம் வேலை பார்த்தவன் நான். அங்கே என் வேலை கீபோர்டு துடைப்பது என்பதை, வில்லியனூரில் பெண் எடுத்தபோது மாமனார் வீட்டில் சொல்லவில்லை. (அவர்களும் கேட்கவில்லை.) அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு நான்தான் இன்ஜினியர்.

போன வருஷம் என் மனைவி மலருக்கு ஆன்லைனில் இன்டர்வியூ வந்தது. அடுத்தவர் கம்ப்யூட்டர் கோளாறைப் போனில் கேட்டே சரிசெய்து தரும் வேலை. அதற்காகவே சமையலுக்கு நடுவில் மூன்று வருஷம் படித்தவள். பதினோரு மணிக்குக் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரில் வேலை செய்தும் காட்ட வேண்டும். பத்தரைக்கு நெட் போனது, வந்தது, மறுபடி போனது.

"நகரு மலரு, நான் பாத்துக்கறேன்" என்று மேசைக்கடியில் புகுந்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், ஒயரை ஆட்டுவது. ஆட்டினேன். பிறகு கம்ப்யூட்டரில் இருந்த அத்தனை ஒயரையும் பிடுங்கினேன். எது எங்கே இருந்தது என்பது சத்தியமாக மறந்துவிட்டது.

"லைன்லதான் கோளாறு" என்று தீர்ப்பளித்தேன்.

"என் போன்ல வைஃபை ஓடுதே, லைனுக்கு இன்னா வந்துச்சி? மொதல்ல வெளிய வாங்க."

மலர் உட்கார்ந்து, நான் பிடுங்கியதையெல்லாம் திரும்பச் சொருகினாள். நெட் வரவில்லை. நெட் ஒயரை மோடத்தில் வேறு ஓட்டைக்கு மாற்றினாள். இல்லை. வேறு ஒயர் போட்டாள். இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட்டாள், பதறவே இல்லை. எனக்கே கை தட்டத் தோன்றியது. கடைசியில் கம்ப்யூட்டரை அணைத்து, அதன் முதுகுப் பக்க ஓட்டையில் டார்ச் அடித்தாள்.

"ஏங்க, உள்ள இன்னா மஞ்சளா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு நாள் முன்பு ஆயுத பூஜை. வண்டி, மிக்சி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்த கையோடு, கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு ஒயராகக் கழற்றி ஓட்டை ஓட்டையாக வைத்தவன் அடியேன்.

"ஓட்டைக்குள்ளயா சாமி குந்தினு இருக்குது?"

"பக்தியில கொஞ்சம் ஆழமா போயிட்டேன்."

புது டூத் பிரஷ்ஷால் சுரண்டித் துடைத்து ஒயரைச் சொருகினாள். 'டிக்'. கம்ப்யூட்டரைப் போட்டதும் பச்சை விளக்கு. பதினொன்றுக்கு இரண்டு நிமிடம்.

முதல் கேள்வியே, "சமீபத்தில் நீங்களே கண்டுபிடித்த கோளாறு ஒன்றைச் சொல்லுங்கள்."

மலர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னாள். திரையில் மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். வேலை கிடைத்துவிட்டது.

இப்போது குடும்பத்துக்கு இன்ஜினியர் அவள்தான். கதை வில்லியனூர் வரை போய்விட்டது. இந்த வருஷ ஆயுத பூஜைக்கு மாமியார் சந்தனக் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சொன்னார்: "மாப்ள, நீங்க கற்பூரம் மட்டும் காட்டுங்க. அதுவும் தள்ளி நின்னு!"