சோக் குறித்த தீர்மானம்

மலாயாவில் மக்களாட்சி முதன்முதலில் பிறந்தது எங்கள் ஊரான காஜா பெராங்கில்தான். அது ஐம்பத்தேழு ஜூனா, ஜூலையா என்பதில் எனக்கு ஐயமுண்டு. என் நினைவை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சுதந்திரத்துக்குச் சில வாரங்களே இருந்தன என்பது மட்டும் உறுதி.

எங்கள் சங்கத்தில் ஒரு பழைய கார் இருந்தது; எங்கள் பேச்சில் "காடி". நோயாளிகளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிப்போவதே அதன் வேலை. ஓட்டுநர் பிச்சை, காலையில், குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக் குமிழை வெளியே இழுத்து எஞ்சினைக் கிளப்புவார். சூடானதும் உள்ளே தள்ளிவிடுவார். ஒரு தனிமனிதர், யாரையும் கேட்காமல், நாள்தோறும்! இது "எதேச்சாதிகாரம்" என்று செயற்குழு கண்டுபிடித்தது.

இழுத்தே வைக்க வேண்டும் என்றார் தலைவர் சேதுராமன். தள்ளியே வைக்க வேண்டும் என்றார் துணைத்தலைவர் கலியாணசுந்தரம். இரண்டரை மணி நேரம் விவாதம் நடந்தது.

"ஐயா, எஞ்சின் சூட்டைப் பாத்துதான் வைக்கணும். சூட்டுல இழுத்து வச்சா கார்பரேட்டர்ல பெட்ரோல் ரொம்பி, காடி செத்துரும்" என்றார், கதவருகே நின்ற பிச்சை.

"நீ கமிட்டியில இருக்கியா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க. டிரைவரு."

"அப்ப சும்மா இரு லா. காடியப் பத்தி உனக்கு என்னா தெரியும்?"

"பாதி இழுத்து வைப்பது" என்ற சமரசம் ஏகமனதாக நிறைவேறியது. குமிழைக் கம்பியால் கட்டி, அரக்கு முத்திரையும் வைத்தோம்.

அடுத்த வாரம், உச்சி வெயிலில், பிச்சை காரில் கிளேபாங் வரை போய்த் திரும்பிய நேரம். சங்கத்துக்குப் பின்வீட்டில் அவர் மனைவி அஞ்சலைக்குப் பிரசவ வலி. அவளைக் காரில் கிடத்தினார். கொதித்த எஞ்சின் கறுப்புப் புகை கக்கியதே தவிர கிளம்பவில்லை.

செயற்குழுவினர் நால்வர் இருந்த சங்க அறைக்குள் பிச்சை ஓடிவந்தார். "சோக்கை உள்ள தள்ளினா கெளம்பிரும். கம்பிய அறுக்கிறேங்க!"

தலைவர் விரைந்து வெளியே போனார். கார்ச் சாவியை எடுத்துத் தம் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். "தீர்மானத்தை மாத்த ஏழு பேர் வேணும்பா. இங்க நாலு பேர்தானே இருக்கோம்?"

"ரத்தம் போவுதுங்க!"

"அதையும் குறிப்பில ஏத்திக்கலாம்."

மற்ற மூவரை அழைக்கப் பத்து பெரெண்டாம் என்ற பக்கத்து ஊருக்குச் சைக்கிளில் ஆள் போனது. சட்டத்தை மதிப்பதில் எங்களுக்கு நிகர் எவருமில்லை. முக்கால் மணி நேரத்தில் எழுவரும் கூடினோம். முன்மொழிந்தோம், வழிமொழிந்தோம், கம்பியை அறுத்தோம். கார் உடனே கிளம்பியது. அதில் யாரும் இல்லை. பிச்சை அவளை ஒரு பெச்சாவில், மூன்று சக்கர மிதிவண்டியில், ஏற்றி, தாமே மிதித்துப் போயிருந்தார்.

அஞ்சலை பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. கணவனும் மனைவியும் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். சேதுராமன் மேலும் இரண்டு சங்கங்களுக்குத் தலைவரானார். கலியாணசுந்தரம் அவற்றுக்கும் துணைத்தலைவரானார். காரை விற்றுவிட்டோம். சங்கச் செயலாளராக இருபது ஆண்டுகள் இருந்து நான் ஓய்வுபெற்றேன். அவள் காரில் கிடந்த ஒவ்வொரு நிமிடத்தையும் அன்று குறிப்பேட்டில் எழுதியவன் நான். அதில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.