துலுக்கானத்தின் காது

மாட்சிமை தங்கிய சக்கரவர்த்தியின் ஆட்சியில், பூந்தமல்லிப் பக்கத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றில் எந்த நோயாளியும் கவனிக்கப்படாமல் திரும்பியது கிடையாது. ஆண் வாசல், பெண் வாசல் இரண்டில் ஒன்றின் வழியாக அவர் வந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

குத்தம்பாக்கத்துக் கீரைக்காரி வேம்புலியம்மாள் தன் நாலு வயதுக் குழந்தை துலுக்கானத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு வாசலுக்கும் நடுவில் வந்து நின்றாள். குழந்தை காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டது.

"ஆணா, பெண்ணா?" என்றார் கம்பவுண்டர் திருவேங்கடம்.

"தெரியாது சாமி. பொறந்தப்போ மருத்துவச்சிக்கே தெரியல. காது வலி. ராவெல்லாம் அயுதுகினே கீது."

விஷயம் உள்ளே போயிற்று. டாக்டர் பரந்தாமன் நாற்காலியை விட்டு எழுந்தார். வாழ்நாளெல்லாம் சொறிக்கும் சிரங்குக்கும் களிம்பு கொடுத்தே நரைத்துப்போனவர் அவர். "அபூர்வ கேஸ்!" என்று கூவி, பட்டணத்துக்குத் தந்தி கொடுத்தார்.

மறுநாள் பெரிய சர்ஜன் துரை மோட்டாரில் வந்து இறங்கினார். பின்னாலேயே மாணவர்கள். எல்லோரும் பார்த்தார்கள். பார்த்ததையே மறுபடியும் பார்த்தார்கள். குழந்தை போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டது. அவர்கள் விலக்க விலக்க வேம்புலி மூடினாள். இடுப்புக்கு மேலே அதற்கு ஒரு தலையும் இருப்பது சபையோர் கவனத்துக்கு வரவில்லை.

பிறகு ஆலோசனை நடந்தது. குழந்தையை இப்படியே விட்டுவைப்பது விஞ்ஞானத்துக்கு அழகல்ல, கத்தி வைத்து ஒரு பக்கம் முடிவுகட்ட வேண்டும் என்றார் துரை. எந்தப் பக்கம்? பெண்கள் வார்டில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. எனவே குழந்தை பெண் என்று தீர்மானமாயிற்று. சற்று நேரத்தில் பிரசவத்துக்கு வந்த ஒருத்தி அந்தக் கட்டிலில் படுத்துவிட்டாள். விஞ்ஞானம் தீர ஆராய்ந்து, ஆண் என்று திருத்திக்கொண்டது.

வேம்புலி குழந்தைக்கும் துரைக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"எம்புள்ளைக்கு அங்க ஒரு நோவும் இல்லியே தொர! ஓடுது, ஆடுது, ஒண்ணுக்குப் போவுது. எதுக்கு அறுக்கணும்?"

பரந்தாமன் பொறுமையாக விளக்கினார். "இப்படியே விட்டால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும்?"

"ஊருக்கு நோவுன்னா ஊரை அறுங்க!"

மாணவன் ஒருவன் சிரித்துவிட்டு, துரையின் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டான்.

"காது வலின்னுதானே வந்தேன்? அத்தப் பாக்க மாட்டீங்களா?"

"பார்ப்போம், பார்ப்போம். முதலில் அது ஆண் காதா, பெண் காதா என்று தெரியட்டும். நீ சம்மதம் என்று கைரேகை வை" என்றார் பரந்தாமன்.

வேம்புலி யோசித்தாள். இவர்களோடு நியாயம் பேசிப் பயனில்லை என்று அவளுக்குப் பட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"காதைப் பாரு. அப்பால பேசிக்கலாம்."

ரேகை ஆசையில் பரந்தாமன் குனிந்து காதுக்குள் எட்டிப் பார்த்தார். இடுக்கியை விட்டார். ஊறிப் பருத்த ஒரு உளுந்து வந்து விழுந்தது.

அழுகை நின்றது. ஆஸ்பத்திரியே திடுக்கிட்டது. "யம்மா, பசிக்குது" என்றது துலுக்கானம்.

வேம்புலி குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள்.

"ரேகை?" என்றார் பரந்தாமன்.

"ஒடம்பு அதோடதுதானே சாமி? பெரிசாயி, வேணும்னா அதுவே வந்து வெக்கும்."

துரை இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அது புரியாத தைரியத்தில் அவள் நடந்தாள். முதுகில் துணிமூட்டை, தோளில் பிள்ளை. அதன் மூச்சு கழுத்தில் பட்டபோதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது.

குத்தம்பாக்கத்து எல்லையில் அவள் ஏறிவந்த மாட்டுவண்டி நிற்கும்போதே ஊர் திரண்டிருந்தது. பக்கத்து வீட்டு நாகவல்லி முந்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"இன்னா வேம்புலி, பெரிய டாக்டருங்க இன்னா சொன்னாங்க? ஆணா, பொண்ணா?"

குழந்தை தூங்குகிறதே, காது எப்படி இருக்கிறது என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. வேம்புலி கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"உளுந்து" என்றாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் ஊர் இரண்டு கட்சியாயிற்று. உளுந்து மேலே கறுப்பு, எனவே ஆண்தான் என்றது ஒரு கட்சி. உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை, எனவே பெண்தான் என்றது மற்றது.