நூற்றுக்கு இருநூறு ஒலியில் ஒரு ‘ம்’

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நலம். தங்கள் நலம் விசாரிப்பது மரபு என்பதால், விசாரித்துவிட்டதாகவே கொள்ளவும். தாங்கள் அரைக்கால்சட்டை அணிந்த காலம் முதல் தங்களை ‘நீ’ என்றே அழைத்துவந்திருக்கிறேன். இன்று ‘தாங்கள்’ என்று எழுதுகிறேன். இது மரியாதை அன்று. என்னவென்று தங்களுக்கே விளங்கும்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கக்கூடும். என் கைபேசியில் மறுமுனைக்காரர் சொல்வது இப்போது எதிர்வீட்டுச் சமையலறைவரை கேட்கிறது. எரிவாயு நிறுவனத்துப் பெண் “சிலிண்டர் எப்போ வேணும் சார்?” என்று கேட்டதற்கு, நான் வாய் திறக்குமுன் எதிர்வீட்டு அம்மாள் சன்னல் வழியாக “சாயங்காலம் அனுப்பச் சொல்லுங்க, அப்பதான் சார் வீட்ல இருப்பாரு” என்று பதில் சொன்னார். ஆகவே தாளும் பேனாவும். பாடநூல் பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துவோருக்குத் தலைவனாக இருப்பவன் நான். எழுதும் ஒவ்வொரு வரியையும் கால்புள்ளி, முற்றுப்புள்ளி உட்பட உரக்கப் படித்துச் சரிபார்த்த பிறகே அடுத்த வரிக்குச் செல்வது என் தொழிற்பழக்கம். இக்கடிதமும் அவ்வாறே எழுதப்படுகிறது. எனவே இதில் பிழை தேட வேண்டாம். பிழை வேறிடத்தில் இருக்கிறது.

அன்று மதிய உணவுக்கு வந்தீர்கள். வந்தோம், உண்டோம், கிளம்பினோம் என்று இருந்திருக்கலாம். “நான் போன்ல பேசினா இவருக்குக் கேக்கவே மாட்டேங்குதுடா” என்று தங்கள் தமக்கையார் சொன்னது ஒரு குறை, வேண்டுகோள் அன்று. ஆனால் கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடை வைத்திருப்பவர் காதில் அது விழுந்துவிட்டது. கை கழுவிய ஈரம் காயுமுன் கைபேசியைப் பிடுங்கினீர்கள். அதன் ஒலித்துளைகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தீர்கள். அமைப்புகளுக்குள் புகுந்து, மனிதச் செவியின்மேல் இரக்கம் கொண்டு யாரோ வைத்திருந்த ஒலி வரம்பை அகற்றினீர்கள். பிறகு, வாயைப் பிளந்த சிங்கத்தின் படம் போட்ட ஒரு செயலியை உள்ளே இறக்கினீர்கள். “பூஸ்டர் அத்தான்! இனிமே நூத்துக்கு இருநூறு. மைக்கையும் ஏத்திட்டேன், நீங்க முணுமுணுத்தாலும் அந்தப் பக்கம் கேக்கும்” என்றீர்கள். முழுமை என்பதே நூறுதான், முழுமைக்கு மேல் முழுமை கிடையாது என்று நான் விளக்கத் தொடங்கினேன். “இது கேக்குதா பாருங்க” என்று ஓர் ஓசையை அவிழ்த்துவிட்டீர்கள். அலமாரியிலிருந்த கண்ணாடிக் குவளைகள் ஒன்றையொன்று நலம் விசாரித்தன. என் விளக்கம் அதோடு நின்றது. “இன்னொண்ணு அத்தான். ஆத்திரம் அவசரம்னா இந்த ஓரத்துப் பொத்தானைப் படபடன்னு அழுத்துங்க, நேரா அக்காவுக்குப் போயிடும்” என்று ஏதோ சொன்னீர்கள். எனக்கு ஆத்திரமும் வருவதில்லை, அவசரமும் இருப்பதில்லை என்றேன். அது அன்றைய நிலவரம்.

மறுநாள் அலுவலகம். எங்கள் கூடத்தில் மின்விசிறியின் ஓசைக்கு மேல் எதுவும் எழாது. ஒற்றுப் பிழை தேடுபவர்களுக்கு அமைதி வேண்டும். கைபேசி அடித்தது. காதோடு ஒட்டித்தான் வைத்தேன். “சார், உங்க மூலத்துக்குக் கேட்டீங்கல்ல, வந்திருக்கு! பெரிய டியூபா, சின்ன டியூபா?” என்றார் மருந்துக்கடைக்காரர், கூடம் முழுவதற்கும். மூலம் என்றால் எங்கள் தொழிலில் நூலாசிரியர் எழுதிக் கொடுத்த கையெழுத்துப் பிரதி. ஆகவே அந்த மனிதர் முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தால் நான் தப்பியிருப்பேன். வரலாற்றுப் பாடநூலைத் திருத்தும் பெண்மணி, “அப்பாடா, மூலம் வந்துடுச்சா சார்? குடுங்க, நானும் ஒரு தடவை பார்த்துடறேன்” என்று எழுந்தேவிட்டார். டியூபு அவருக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. இறங்கியதும் உட்கார்ந்தார். அன்று முதல் எங்கள் கூடத்தில் எவரும் அந்தச் சொல்லை உச்சரிப்பதில்லை, ‘ஒரிஜினல்’ என்கிறார்கள். நல்லதொரு தமிழ்ச் சொல்லை ஒரே பகலில் வழக்கொழியச் செய்த பெருமை தங்களையே சாரும்.

அதே மாலை மின்தூக்கியில் நானும் எங்கள் மேலாளரும் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தோம். தங்கள் தமக்கையார் அழைத்தார். “என்னங்க, அந்த முசுடு லீவு குடுத்துச்சா?” நான் கைபேசியை மார்போடு அழுத்தினேன், சட்டைப்பை வழியாக இன்னும் தெளிவாகக் கேட்டது. “முசுடு பக்கத்துல இருந்தா சொல்லுங்க, நான் அப்புறம் பேசறேன்.” மேலாளர் என் நெஞ்சை நோக்கிக் குனிந்து, “குடுத்தாச்சும்மா” என்றார். அதன்பின் தரைத்தளம் வரும்வரை நாங்கள் இருவரும் எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒலியைக் குறைத்துத் தொலைப்பதுதானே என்பீர்கள். சான்று காட்டுவதற்காகவே, இதோ, இவ்வரியை எழுதும் இக்கணத்தில் ஓரத்துப் பொத்தானை அழுத்துகிறேன். குறையவில்லை. மீண்டும் அழுத்துகிறேன். மீண்டும், மீண்டும். படபடவென்று அழுத்தியாயிற்று. ஏதோ அதிர்ந்தது, திரையில் சிவப்பாக ஏதோ வந்தது, முனகத் தொடங்கிவிட்டது. முனகட்டும். கவிழ்த்துவைத்துத் துண்டைப் போட்டு மூடிவிட்டேன். இனி தலையாய செய்திக்கு வருகிறேன்.

என் தங்கை ஞாயிறுதோறும் அழைப்பாள். அவளுக்குப் பேச வேண்டும்; எனக்கு மெய்ப்புத் திருத்த வேண்டும். ஆகவே ஒலியை அடிமட்டத்தில் வைத்து, கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டு, அவள் மூச்சு வாங்கும் இடங்களில் ‘ம்’ கொட்டுவேன். பல்லாண்டுகளாக இக்குடும்பத்தின் அமைதி அந்தக் குறைந்த ஒலியின்மேல்தான் நின்றது. தாங்கள் அதை இருநூறாக்கியபின் வந்த முதல் ஞாயிறு, பின்கட்டில் தங்கள் தமக்கையார் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கவனியுங்கள், நான் கணக்குப் பாடநூலின் விடைப் பகுதியில் மூழ்கியிருந்தேன். என் தங்கை என்ன சொன்னாள் என்பதைப் பின்னர் தங்கள் தமக்கையார் சொல்லித்தான் அறிந்தேன்.

“அண்ணா, உன்னை நினைச்சாப் பாவமா இருக்கு. வாய்க்கு ருசியா ஒரு வாய் சோறு உண்டா அந்த வீட்ல?”

“ம்.”

“கல்யாணத்தன்னைக்கே சொன்னேன், இவ நமக்கு ஒத்துவர மாட்டான்னு.”

“ம்.”

பிழியாத படுக்கை விரிப்பு கையில் சொட்டச் சொட்ட, தங்கள் தமக்கையார் என் மேசையருகே நின்றார்.

“என்ன ம்?”

“எந்த ம்?”

“ஒத்துவர மாட்டான்னு உங்க தங்கச்சி சொன்னதுக்கு ஒண்ணு போட்டீங்களே, அந்த ம்.”

“அது சும்மாம்மா. நான் கேக்கவே இல்லை. அவ பேசினா எப்பவும் அப்படித்தான் சொல்லுவேன்.”

“யாருண்ணா அது, அண்ணியா?” என்றது கைபேசி, தெருவுக்கே. “அண்ணி நல்லா இருக்காங்களா?”

தங்கள் தமக்கையார் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். தணிந்த குரலில், “அப்போ இத்தனை வருஷமா எங்கிட்டச் சொன்ன ம்?” என்று கேட்டார்.

மொழியியலில் முதுகலை பயின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘ம்’ ஒரு மெய்யெழுத்து. உயிர் ஏறாதது. தனியே நின்று பொருள் தராதது. அது உடன்பாடும் அன்று, மறுப்பும் அன்று. ‘கம்பி அறுபடவில்லை, மேலே சொல்க’ என்னும் அறிவிப்பு மட்டுமே. இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி அவருக்குச் சொல்வதற்காகச் சற்றே யோசித்தேன். யோசிக்கும்போது என் வாயிலிருந்து வந்த ஓசை எதுவென்று தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அவர் போய் அந்த விரிப்பைச் சுருக்கமின்றி உலர்த்தி, இரு முனையிலும் கவ்வி மாட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் அழைத்தால் எடுப்பதில்லை. தங்களை அழைத்தால் காலையிலும் “அக்கா தூங்குறாங்க அத்தான்”, மாலையிலும் “அக்கா தூங்குறாங்க அத்தான்”. தங்கள் வீட்டில் ஏதோ தூக்க மருத்துவமனை நடப்பதாக நான் நம்ப வேண்டும் போலும்.

அவரிடம் நான் சொன்ன ‘ம்’ வேறு. அதற்குச் சான்று தர என்னால் முடியும். பின்கட்டுக் கொடிக்கம்பி துருப்பிடித்துத் துணியெல்லாம் கறையாகிறது என்றார், ‘ம்’ என்றேன். மாற்றவில்லை, ஆனால் கேட்டேன். மேல்வரிசையில் ஒரு பல் குளிர்ந்த நீருக்குக் கூசுகிறது என்றார், ‘ம்’ என்றேன். வலப்பக்கம், கடைசிக்கு முந்தைய பல். காதில் விழாதவனுக்கு இது எப்படித் தெரியும்? நமக்குன்னு ஒரு நாள் ஒதுக்கி எங்கேயாவது சும்மா நடந்துட்டு வரலாமான்னு கேட்டா, அதுக்கும் ம்-னு சொன்னேன், அந்த முசுடுகிட்ட லீவு கேட்டதே அதுக்குத்தான். அதை அவளிடம் சொன்னேனா என்றால், இல்லை. நடை பிறழ்கிறது. பொறுத்தருளவும். கொடிக்கம்பியை நேற்று புதிதாக மாற்றிவிட்டேன். இது தங்கள் தகவலுக்கு மட்டுமே. அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

அவர் எப்போது திரும்புவார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். சலவை இயந்திரத்தின் எந்த அறையில் தூள் போடுவது, எந்தத் துணியை எதனோடு போடக்கூடாது என்ற இரண்டை மட்டும் கேட்டு எழுதவும். என் வெள்ளைச் சட்டைகள் இளஞ்சிவப்பாகிவிட்டன. மற்றபடி எனக்கு யாதொரு குறையும் இல்லை. வீட்டில் சத்தமே இல்லை. தங்கள் சிங்கம் பெருக்குவதற்கும் ஒன்றும் இல்லை. சுழியத்தை எதனால் பெருக்கினாலும் சுழியம்தான் என்பது தங்களுக்கும் பள்ளியில் சொல்லித்தரப்பட்டிருக்கும். எனவே தாங்கள் அந்தப் பல்துலக்கியோடு உடனே புறப்பட்டு வந்து, துளைகளில் பழைய தூசியையே திரும்ப அடைத்தாயினும், என் கைபேசியை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு நமக்குள் பேச்சுவார்த்தை தேவையில்லை.

தங்கள் கடை செழிக்கட்டும். தங்கள் வாடிக்கையாளர்களின் அண்டை அயலார் பொறுமை பெறட்டும். தங்கள் பிள்ளைகள் நீண்ட ஆயுளும் நிறைந்த செவித்திறனும் பெற்று வாழ மூத்தவன் என்ற முறையில் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்.

பின்குறிப்பு: டேய், மேலே எழுதினது எதையும் செய்யாதே. பல்துலக்கியைத் தூக்கிக்கொண்டு வராதே. “இப்படிக்கு, கால்புள்ளி, தங்கள் அத்தான், முற்றுப்புள்ளி” என்று உரக்கப் படித்து முடித்தேன். துண்டுக்கடியிலிருந்து நூற்றுக்கு இருநூறு ஒலியில் “ம்” என்றது. உன் அக்கா. நான் பொத்தானைப் படபடவென்று அழுத்தினேனே, அப்போதே போய்விட்டதாம். ஆத்திரம் அவசரம் என்று நீ சொன்னது சரிதான், முதலாவதற்கு அழுத்தியிருக்கிறேன். அவள் போனில் அவசர அழைப்பு என்று சிவப்பாக வந்ததாம். எனக்கு என்னமோ ஏதோ என்று பதறி எடுத்திருக்கிறாள். எடுத்தால், ‘என் தங்கை ஞாயிறுதோறும் அழைப்பாள் முற்றுப்புள்ளி’ என்று கேட்டிருக்கிறது. அதிலிருந்து வாயைத் திறக்காமல் கேட்டிருக்கிறாள். அந்த ‘ம்’ எந்த வகை என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் உயிர் ஏறாத மெய் என்று இனி எவனாவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

“கம்பி நிஜமாவே மாத்திட்டீங்களா?” என்றாள்.

“மாத்தியாச்சு.”

“லீவு எதுக்குன்னு ஏன் எங்கிட்டச் சொல்லலை?”

துண்டை விலக்கிக் கைபேசியை நிமிர்த்தினேன். அவள் மூச்சு விடுவது கேட்டது. அதுவும் பலமாகவே கேட்டது.

“நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறீங்களா?”

“ம்” என்றேன்.

“என்ன ம்?”

எதிர்வீட்டுச் சன்னல் திறந்தது. “வரேன்னு வாயைத் திறந்து சொல்லுங்க சார்!” என்றார் அந்த அம்மாள்.

சொன்னேன். சத்தமாகவே.