நீல விளக்குக்குக் கீழே ஒரு கம்பளிச் சால்வை

“ஒளிச் சிகிச்சையிலுள்ள பிள்ளையின் கண்ணைக் கட்ட வேண்டும். உடலை முடக் கூடாது.”

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த விதி இது. ‘மூட’ என்பதில் ஒரு சுழி குறைந்திருந்தது. (எங்கள் மலைநாட்டில் தமிழ் அறிவித்தல் பிழையில்லாமல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.) தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் பெரிய கிளாக்கராக இருந்தவன் சும்மா போவேனா? மூன்று முறை வாசித்து, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முறைப்பாடு எழுதித் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் பேத்தியைப் பார்க்கப் போனேன்.

பிறந்து மூன்று நாள். மஞ்சள் காமாலை. நுவரெலியாக் குளிரில் இடுப்புத் துணியும் கண்கட்டும் மட்டுமாக நீல விளக்குக்குக் கீழே கிடந்தாள். மகள் களைத்துத் தூங்கினாள். எங்கள் வீட்டில் தண்ணீர்க் கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு இருக்கிறது. அதன் கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்தவன் நான். கிருமியைக் கொல்லும் கதிர் பச்சைப் பிள்ளையை விட்டுவிடுமா? தோளில் கிடந்த கம்பளிச் சால்வையால் அவளைக் கழுத்துவரை போர்த்திவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து மிஸ்ஸி (தாதிக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) வந்தார்.

“யாரு இதப் போர்த்துனது?”

“நான்தாங்க. புற ஊதாக் கதிரு தோலச் சுட்டுரும்ல?”

“இது புற ஊதா இல்லங்கய்யா, வெறும் நீல வெளிச்சம். அதுதான் மருந்தே. தோல்ல பட்டாத்தான் மஞ்சள் எறங்கும். செவுத்துல எழுதியிருக்கே, வாசிக்கலயா?”

“வாசிச்சேன்... மூணு தடவ.”

கண்விழித்த மகள், “அப்பா!” என்றாள். மிஸ்ஸி சால்வையை உருவி என் கையில் கொடுத்தார்.

மாலை இரத்தப் பரிசோதனையில் மஞ்சள் ஏறியிருந்தது. இன்னும் ஏறினால் மூளையைப் பாதிக்கும், இரத்தம் மாற்ற வேண்டிவரும் என்றார் டாக்டர். அந்த ஒரு மணித்தியாலத்தாலா? எனக்குத் தெரிந்த எந்தச் சுற்றுநிருபத்திலும் இதற்கு மேன்முறையீடு இல்லை. அடுத்த பரிசோதனைவரை கைகளைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு நின்றேன். வெளியே விட்டால் வேறு எதையாவது போர்த்திவிடுமோ என்ற பயம்.

காலையில் மஞ்சள் இறங்கியது. அப்போதுதான் கைகளை வெளியே எடுத்தேன்.

இன்றும் நான் போர்வையைத் தொட்டால் போதும். “முடாதீங்கப்பா!” என்பாள் மகள். வீடே சிரிக்கும்.

முறைப்பாட்டுக்குப் பதிலும் வந்தது: ‘பிழை எந்தச் சொல்லில் உள்ளது என்பதைத் தெளிவுபடுத்தவும்.’ வழக்கப்படி, கடிதம் கிடைத்த திகதியை அதன் மேல் மூலையில் குறித்தேன். அது பேத்தி முன்பள்ளிக்குப் போன முதல் நாள்.